அல்லியேரிக் கரைப் படங்கள்

சிஷ்யர் மாசிலாமணிக்கு வயது அறுபது. குரு பிலோமினா டீச்சருக்கு நாற்பது. அதனால் என்ன, கேமரா பிடிக்கக் கற்றுக்கொள்ள வயசா பார்ப்பார்கள்?

ஒரு நாள் காலையில் ஒரு கட்டுப் படங்களைச் சுமந்துகொண்டு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார் மாசிலாமணி. மனுஷன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னய்யா, தூங்கலையா?"

"எங்க தூங்குறது! அல்லியேரி ஆக்கிரமிப்பு வழக்குல என் படங்களைச் சாட்சியா கேக்குறாங்க. நாளைக்குக் கொடுக்கணும்."

"கொடுங்களேன். அதுக்குத்தானே வருஷா வருஷம் போய் எடுத்தீங்க?"

மாசிலாமணி படங்களைத் தரையில் பரப்பினார். வருஷம் ஏற ஏறத் தண்ணீர் வற்றிக்கொண்டே போனது. எதிர்க்கரை மீனவர் குடிசைகள் முன்னால் வந்துகொண்டே இருந்தன.

"பாருங்க டீச்சர். குடிசைதான் ஏரியைத் தின்னுதுன்னு குழந்தைகூடச் சொல்லிடும். கொடுத்தா அங்க இருக்குற அஞ்சலை வீட்டை இடிச்சிடுவாங்க. போறப்பல்லாம் எனக்குச் சோறு போட்ட மகராசி! கொடுக்காட்டி ஏரியே போயிடும். என்ன செய்யறதுன்னே புரியல. படம் பொய் சொல்லுமா?"

"சொல்லாது. எல்லாமே ஒரே இடத்துலேர்ந்துதானே எடுத்தீங்க?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீங்க சொல்லிக் கொடுத்த பாடமாச்சே! எதிர்க்கரை மாதா கோயில் கோபுரமும் அதுக்குப் பின்னால இருக்குற பனைமரமும் ஒரே நேர்ல, அதே அளவுல தெரியுற இடம். ஓரடி தள்ளி நின்னதில்ல."

டீச்சர் குனிந்து முதல் படத்தைத் தொட்டார். "இதை எடுக்கும்போது எதுமேல நின்னீங்க?"

"தோணியில. அஞ்சலை புருஷன்தான் துடுப்பு போட்டான்."

"இது?"

"சேத்துல. முழங்கால் வரைக்கும் புதைஞ்சுபோச்சு."

"இது?"

"அங்க லாரி லாரியா மண்ணு கொட்டியிருந்தாங்க. அந்த மேட்டுல நின்னேன்."

டீச்சர் கடைசிப் படத்தில் விரலை வைத்தார்.

"அது அந்த மேட்டுல கட்டின அடுக்குமாடிக் குடியிருப்பு. முதல் மாடி பால்கனி. வாட்ச்மேன் நல்ல மனுஷன், கேட்டதும் உள்ள விட்டுட்டாரு..."

மாசிலாமணி படத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

டீச்சர் படங்களை அடுக்கி அவர் கையில் வைத்தார்.

"நாளைக்குக் கொடுங்கய்யா. ஒவ்வொரு படத்தையும் கொடுக்கும்போது, எதுமேல நின்னு எடுத்தீங்கன்னும் சொல்லிக் கொடுங்க."