குல்லா போட்ட உளுந்தாயி

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சாம். ஆனா அந்த வீடு அந்த ஊர்ல இல்லையாம்.

எப்படியா? அதுக்கு டயர் இருந்துச்சு கயலு! காலைல ஒரு ஊரு, மத்தியானம் ஒரு ஊரு. வேன்தான், ஆனா உள்ள கட்டில், அடுப்பு, குழாய், சன்னலுக்குப் பூப்போட்ட திரை, அம்புட்டும் இருக்கும். இந்த வண்டி டீசல்ல ஓடாது. நீ "ம்" சொன்னாத்தான் ஓடும். சொல்லு.

ம்.

ஆங், கிளம்பிருச்சு! டுர்ர்ர்ர்...

அத வாடகைக்கு எடுத்து ஓட்டிட்டுப் போனவரு மாசிலாமணி. பக்கத்துல அவரு பொண்டாட்டி கோமளா. பின்னாடி கட்டில்ல, சம்மணம் போட்டு, மாசிலாமணியோட அம்மா சௌந்தரம். எங்க போறாங்க? மலை மேல, காட்டுக்குள்ள ஒரு ஏரி. அந்தக் கரையில வண்டிய நிப்பாட்டி மூணு நாள் தங்கலாம். போயே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னவ கோமளாதான். பாவம், அவ பொறந்த ஊர்ல தண்ணி லாரிதான் ஏரி. அதுக்கு மேல ஒரே இடத்துல தண்ணிய அவ பாத்ததே இல்ல.

அப்போ சௌந்தரம் ஒரு கண்டிஷன் போட்டுச்சு. "அடியே கோமளா, விடிஞ்சா எனக்கு இட்லி வேணும். இல்லன்னா அப்பவே வண்டியத் திருப்பிரணும்."

"மலைக்குப் போறோம் அத்த. ஒரு மூணு நாளு ரொட்டி சாப்பிடக் கூடாதா?"

"ரொட்டி காய்ச்சக்காரன் திங்கிறது. எனக்கென்ன காய்ச்சலா?"

மாசிலாமணி என்ன சொன்னாரு? ரோட்டப் பாத்தாரு. ரொம்பப் பொறுப்பான டிரைவர். அம்மாவும் பொண்டாட்டியும் பேச ஆரம்பிச்சா ரோட்ட விட்டுக் கண்ண எடுக்கவே மாட்டாரு.

இப்படிக் கேக்கும்னு தெரிஞ்சுதான் கோமளா கெளம்புற அன்னிக்குக் காலையிலேயே மாவாட்டி, பெரிய தூக்குவாளியில ஊத்தி, மடியில வச்சிருந்தா. மலைப்பாதையில வண்டி இந்தப் பக்கம் திரும்புனா சலக்! அந்தப் பக்கம் திரும்புனா புலக்! சலக், புலக், சலக், புலக்... தூங்கிட்டியா?

ம்.

தூங்கிட்டு "ம்" சொல்ற ஆள இப்பதான் பாக்குறேன். கேளு.

அப்புறம் ஏரிக்குப் போற வழியில ஒரு கேட்டு. கேட்ல காட்டிலாகா வாட்சர், பேரு ராயப்பன். மீசை இருக்கே, ரெண்டு பக்கமும் அணில் வாலு மாதிரி. அவரு ஒரு இரும்புப் பெட்டியக் காட்டுனாரு. "பொழுது சாஞ்சா வண்டிக்குள்ள சாப்பாடு இருக்கப்படாது. எல்லாத்தையும் இதுல வச்சுப் பூட்டிருவேன், காலையில வாங்கிக்கலாம். வாசன புடிச்சுக் கரடி வரும். ஒளிச்சு வச்சிருந்தா கண்டிப்பாக் கண்டுபிடிப்பேன். அப்பவே மலைய விட்டு எறக்கிருவேன்."

முறுக்கு உள்ள போச்சு. பழம் போச்சு. ஊறுகா கூடப் போச்சு. ஆனா தூக்கு? அந்தப் பெட்டியத் தொட்டுப் பாத்தா ஐஸ் மாதிரி இருக்கு. அதுல வச்சா மாவு எப்படிப் புளிக்கும்? புளிக்காத மாவுல இட்லி சுட்டா, அத வச்சுக் கரடியவே அடிச்சு வெரட்டலாம்! அதனால கோமளா தூக்க முந்தானையால மூடிக்கிட்டா.

வண்டி ஏரிக்கரைக்குப் போச்சு. ஐயோ கயலு, தண்ணின்னா தண்ணி! கோமளா வாயத் தொறந்தவ மூடல. ஆனா எறங்கிப் போய்க் கால் வைக்கல. "மொதல்ல மாவு, அப்புறம் ஏரி"ன்னு மூடியத் தொறந்து பாத்தா... மாவு செத்த பாம்பு மாதிரி கெடக்கு. ஒரு குமிழி இல்ல.

குளிரு! பல்லு கிடுகிடுகிடுன்னு ஆடுது. அப்போ கோமளா என்ன பண்ணா, தூக்குக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டா. சால்வையச் சுத்துனா. அப்புறம் மாசிலாமணி தலையில இருந்த குல்லாவ வெடுக்குன்னு உருவி மூடி மேல மாட்டிவிட்டா.

"ஏய், எனக்குக் குளுருதுடி!"

"நீங்க புளிக்கவா போறீங்க? பேசாம இருங்க."

பொழுது சாஞ்சு ரொம்ப நேரம் கழிச்சு வெளிய டக், டக், டக். கதவுல யாரு? ராயப்பன்! டார்ச்ச அடிச்சுக்கிட்டே உள்ள வந்துட்டாரு. தொப்பிய எடுத்தாரு, மூக்க உறிஞ்சினாரு. "என்னமோ புளிப்பு வாடை அடிக்குதே?" டார்ச்சு அப்படியே நகந்து நகந்து, கட்டில்ல படுத்திருந்த குல்லா மேல வந்து நின்னுச்சு.

"இது என்னம்மா?"

கோமளா டப்புன்னு சொல்லிட்டா: "பாப்பாங்க!"

மாசிலாமணி திரும்பிப் பாத்தாரு. அவருக்கே அப்பதான் தெரியும், அவரு அப்பான்னு.

"பாப்பாவா? வரும்போது பாக்கலையே. அதான் பால் கக்குன வாடை."

"ஆமாங்க, இப்பதான் கக்குச்சு."

"பேரு என்ன?"

"உளு... உளு... உளுந்தாயி."

"குலசாமி பேரா?"

"ஆமாங்க. வீட்ல தினமும் கும்புடுறோம்."

ராயப்பன் குனிஞ்சு சால்வையத் தொடப் போனாரு. அப்போ உள்ளருந்து... புளுக்!

"அடடா, ஏப்பம் விடுது!" மீசை ரெண்டும் சிரிச்சிருச்சு. "ஏம்மா, பச்சப் புள்ளைய இந்தக் குளிர்லயா கூட்டியாருவீங்க? இருங்க வாரேன்"னு ஓடுனாரு. தன்னோட கம்பளியக் கொண்டாந்தாரு. பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, துண்டு சுத்தி, பாப்பா பக்கத்துல அணைச்சு வச்சாரு. "உளுந்தாயி, சமத்தாத் தூங்கணும்"னுட்டுப் போயிட்டாரு.

சாப்பாட்டப் புடிக்க வந்த மனுசன் அதுக்குத் தாலாட்டுப் பாடாத கொறைதான்! ம் சொல்லு.

...ம்.

சரி, குளிரு ஒண்ணு, ராயப்பன் ஒண்ணு, ரெண்டு கண்டம் தாண்டியாச்சு. மூணாவது யாரு? கரடி! மொச்சு மொச்சுன்னு மோந்துக்கிட்டே வந்துருச்சு. வெந்நீர் சூட்டுல மாவு வாசன ஊரக் கூட்டுதுல்ல? வண்டிய ஒரு உலுக்கு. கடக்! சன்னல்ல மூக்க வச்சு ஒரு உறிஞ்சு. ஸ்ஸ்ஸ்ர்ர்! மாசிலாமணி கட்டிலுக்கு அடியில. கோமளா தூக்கக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "வண்டிய வேணா தூக்கிட்டுப் போ, மாவத் தொடாத"ன்னு முணுமுணுக்குறா.

அப்போ சௌந்தரம் நல்ல தூக்கத்துல ஒரு கொறட்ட விட்டுச்சு பாரு. கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்! கரடி நின்னுச்சு. கொர்ர்ர்ர்ர்ர்! கரடி ரெண்டு அடி பின்னால வச்சுச்சு. கொர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்! "ஆத்தி, உள்ள ஏற்கெனவே பெரியம்மா இருக்கா போல"ன்னு தடதடதடன்னு காட்டுக்குள்ள ஓடியே போச்சு.

அப்புறம் விடிஞ்சுது. கோமளா குல்லாவக் கழட்டுனா. அடேங்கப்பா! மாவு பொங்கி, மூடியத் தள்ளிக்கிட்டு எட்டிப் பாக்குது. அடுப்பப் பத்த வச்சா, குஸ்ஸுன்னு ஆவி, தட்டுல இட்லி. சௌந்தரம் ஒரு விள்ளல் பிச்சுச்சு. வாயில போட்டுச்சு. மென்னுச்சு. சௌந்தரம் நல்லா இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. தட்ட மட்டும் நீட்டுச்சு. மாமியாருங்க பாஷையில அதுக்கு என்ன அர்த்தம்னா, இன்னும் நாலு போடு.

அப்போ டக், டக், டக். ராயப்பன்! ஒரு கையில ஊறுகா, முறுக்கு. இன்னொரு கையில என்ன தெரியுமா, பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை!

கோமளா பதறிப்போய், "மொதல்ல சாப்பிடுங்கண்ணே"ன்னு இட்லிய வச்சா. அவரு வாய அடைக்கணும்ல? அவரும் ஊறுகாயத் தொட்டுக்கிட்டு லபக், லபக். தட்டு காலியாக ஆக வச்சுக்கிட்டே இருந்தா. கடைசி இட்லிய வாயில போட்டுக்கிட்டுக் கேட்டாரு, "உளுந்தாயி எங்கம்மா?"

கோமளா மாசிலாமணியப் பாத்தா. மாசிலாமணி ரோட்டப் பாத்தாரு. வண்டி நின்னுக்கிட்டிருக்கு, அப்பவும் ரோட்டப் பாத்தாரு!

சௌந்தரம் கைய நக்கிக்கிட்டே சொல்லுச்சு: "அவளத்தான்யா தின்னுக்கிட்டு இருக்க."

ராயப்பன் மெல்லுறத நிறுத்திட்டாரு. தூக்கப் பாத்தாரு. குல்லாவப் பாத்தாரு. தன் கம்பளியப் பாத்தாரு. கோமளாவுக்கு அழுகையே வந்துருச்சு. போச்சு, ஏரியில கால் கூட வைக்கல, எறக்கி விடப் போறாரு...

ராயப்பன் முழுங்குனாரு. எந்திரிச்சு வண்டி பூராத் தேடுனாரு. கட்டிலுக்கு அடியில, அடுப்புக்குப் பின்னால, தூக்குக்குள்ள டார்ச்சு அடிச்சு எல்லாம்.

"என்னம்மா இது, ஒளிச்சு வச்ச சாப்பாடு எதுவுமே இல்லையே? சாட்சி பூரா என் வயித்துல இல்ல இருக்கு! மூணு நாளும் இருந்துட்டுப் போங்க. ஆனா அடுத்த பாப்பா பொழுது சாஞ்சா என் குடிசைலதான் படுக்கணும். அங்க இருபத்திநாலு மணி நேரமும் அடுப்பு எரியும்."

"டேய் மாசி, கேட்டியா?"ன்னுச்சு சௌந்தரம். "ஊறப் போட அரிசி இருக்கா பாரு."

அதுக்கு அப்புறம் கோமளா நிப்பாளா? செருப்ப ஒரு பக்கம் வீசுனா, ஓடுனா. ஏரிக்குள்ள... தொபுக்கடீர்!

தண்ணி எப்படி இருந்துச்சுன்னா கேக்குற? அய்யய்யய்யோன்னு அவ போட்ட சத்தம் எதிர்க்கரை வரைக்கும் கேட்டுச்சாம். அவ்வளவு ஜில்லு. ஆனாலும் வெளிய வரலையாம்.

கயலு? ஏய் கயலு, ம் சொல்லு...

சரி. வண்டி நின்னுருச்சு. இட்லி வெந்துச்சு, கரடி போச்சு, கதையும் ஆச்சு. தூங்கு.