ஐந்து மணிக் கோடு

குரு என்றால் தாடியும் குகையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் பேச்சியம்மாளைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பேருக்குத்தான் பேச்சி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர். வனக்காவலர் வேலைக்கு நடைத் தேர்வு வருகிறது என்று தெரிந்ததும் ஒன்பது பெண்கள் அவளிடம் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள். பதினைந்து கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். பேச்சி அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

தினமும் மைதானத்து வாசலில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போடுவாள். ஐந்து மணிக்கு விசில் அடிப்பாள். விசிலுக்கு முன்னால் கோட்டைத் தாண்டியவர்கள் நடக்கலாம். பின்னால் வந்தவர்கள் வெளியே நின்று பார்க்கலாம். திட்ட மாட்டாள். காரணமும் கேட்க மாட்டாள். நாலு வார்த்தை திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

செண்பகவல்லிக்கு வெளியே நின்று பார்ப்பது பழகிப்போயிற்று.

அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணமான மறு மாசத்திலிருந்து பீடி சுற்றுகிறாள். மடியில் முறம், கையில் கத்தரி, சுவரில் முதுகு. உட்கார்ந்தே பதினெட்டு வருஷம் போய்விட்டது. எழுந்தால் இடது கால் மரத்துப்போய்க் கொஞ்ச நேரம் அவளுடையதாகவே இருக்காது. இந்தத் தேர்வோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் சாகிறவரைக்கும் முறம்தான்.

தேர்வுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தபோது அவள் கோட்டுக்கு வெளியே நின்றபடி கேட்டாள்.

“மாஸ்டர், சீக்கிரமா எந்திரிக்க ஒரு வழி சொல்லுங்க.”

பேச்சி அவளைவிட ஏழு வயது இளையவள். மாணவியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“இப்ப எத்தனை மணிக்கு எந்திரிக்கீங்கக்கா?”

“நாலு.”

“நாளைக்கு மூணரைக்கு எந்திரிங்க.”

செண்பகவல்லி மூன்றரைக்கு எழுந்தாள். ஐந்து மணி இரண்டு நிமிஷத்துக்கு வந்து நின்றாள். மறுநாள் மூன்று மணிக்கு எழுந்தாள். ஐந்து மணி நான்கு நிமிஷத்துக்கு வந்தாள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு விளக்கு எரிந்தால், மூன்றேகாலுக்குக் கணவன் கோமதிநாயகம் புரண்டு படுத்து, “முழிச்சுதான இருக்கே, ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி போடேன்” என்பான். அதைக் குடித்துவிட்டு மறுபடி தூங்குவான். பன்னிரண்டாவது படிக்கும் மகன் முத்தரசன், “நீதான் முழிச்சிருக்கியேம்மா, என்னை எழுப்பிவிட்டுரு” என்று பொறுப்பை அம்மா தலையில் கட்டிவிட்டுப் போர்த்திக்கொள்வான். குழாயில் நல்ல தண்ணீர் வரும். அரிசி உலையில் இருக்கும். சட்டைக்கு இஸ்திரி போட வேண்டியிருக்கும். அவள் எவ்வளவு முன்னால் எழுந்தாலும் வேலை அவளுக்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருந்தது.

பகலில் இலை வெட்டும்போது கண் சொருகியது. புதன்கிழமை கத்தரி கட்டைவிரலை வெட்டிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மீதிப் பீடியையும் சுற்றி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் கோட்டுக்கு வெளியே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“மூணு மணிக்கே எந்திரிச்சேன் மாஸ்டர். இதுக்கு மேல சீக்கிரம் எந்திரிக்கணும்னா நான் படுக்கவே கூடாது.”

பேச்சி அவள் விரலில் இருந்த துணியைப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை முழுத் தூரம். அன்னிக்குக் கோட்டுக்கு உள்ள இருக்கவங்களைத்தான் தேர்வுக்குக் கூட்டிட்டுப் போவேன். ஒரு தடவைகூட நடந்து பாக்காதவங்க அங்க வந்து ரோட்டுல விழ வேண்டாம்.”

முழுத் தூரமும் காட்டோர ரோடு. யானை இறங்குகிற இடம். தனியாக இன்னொரு நாள் நடந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

சனிக்கிழமையும் பிந்திவிட்டாள். ஒரே ஒரு நிமிஷம். கோட்டருகே வந்தபோது விசில் சத்தம் இன்னும் காதில் இருந்தது.

மற்ற எட்டுப் பேரும் மைதானத்தைச் சுற்றப் போனார்கள். பேச்சி போகவில்லை. தன் போனில் ஏதோ செய்தாள். அதைக் கொண்டுவந்து செண்பகவல்லியின் காலடியில், ஒரு செங்கல்மேல் வைத்துவிட்டு உள்ளே போய் நின்றாள்.

போன் அலறத் தொடங்கியது. அலாரம்.

செண்பகவல்லி சட்டென்று குனிந்து அணைத்தாள்.

“யாரு போனுக்கா அது?”

“உங்க போன் மாஸ்டர்.”

“அணைக்கச் சொன்னேனா?”

“இல்ல... அடிச்சுதே, அதான்.”

பேச்சி மறுபடி வந்து அலாரம் வைத்தாள்.

“இப்ப சும்மா நில்லுங்க.”

அலாரம் அடித்தது. செண்பகவல்லி நின்றாள். பத்து எண்ணுவதற்குள் கை தானாகப் போய்விட்டது. அணைத்த பிறகுதான் அணைத்ததே அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாம் முறை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். அலாரம் கத்தியது. சுற்றி வந்த பெண்கள் அவளைத் தாண்டும்போது, “என்னக்கா, பள்ளிக்கூடத்துத் தண்டனையா?” என்று சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றி வேர்த்தது. யாரோ புரண்டு படுப்பதுபோலவும், யாரோ பல்லைக் கடிப்பதுபோலவும், பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டுவதுபோலவும் இருந்தது. மைதானத்தில் தூங்குகிற ஆள் ஒருவரும் இல்லை. ஆனாலும் யாராவது விழித்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. வெட்டுப்பட்ட விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

கடைசியில் போன் தானாகவே ஓய்ந்தது.

பேச்சி கேட்டாள். “உங்க வீட்டுல எத்தனை அலாரம்க்கா?”

“மூணு. எனக்கு மூணு மணிக்கு. பையனுக்கு நாலரைக்கு, படிக்கதுக்கு. அவுகளுக்கு நாலே முக்காலுக்கு. மினிபஸ்ல மொத டிரிப்பு அவுகதான் ஓட்டணும்.”

“மூணையும் யாரு அணைக்கா?”

செண்பகவல்லி துணி சுற்றிய தன் விரலைப் பார்த்தாள்.

பேச்சி போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி நான்கு மணிக்குத்தான் எழுந்தாள். சோறு வடித்தாள். முந்தின நாள் புளிக்குழம்பைச் சூடாக்கினாள். காப்பியைப் போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தாள். மைதானத்துக்குப் பத்து நிமிஷ நடை. நாலே முக்காலைத் தாண்டி வீட்டில் நின்றால் கதை முடிந்தது.

நாலரைக்கு முத்தரசனின் போன் அடித்தது.

செண்பகவல்லி வாசல்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. உடம்பு பாதி எழுந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“யம்மா... அணைம்மா...”

அவள் கயிற்றை முடிந்தாள். முடிச்சு நழுவியது. மறுபடி முடிந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அது ஓய்ந்து ஓய்ந்து அடித்தது.

நாலே முக்காலுக்கு அடுத்ததும் சேர்ந்துகொண்டது. கோமதிநாயகத்தின் போனில் ஏதோ சாமி பாட்டு. அதைவிடச் சத்தமாக அந்தத் தெருவில் ஒன்றும் கிடையாது.

“ஏட்டி செண்பகம், அந்தச் சனியனை அணை.”

சாமி பாட்டைத்தான் சொன்னான். தூக்கத்தில் மனுசனுக்கு எதுவும் தெரிவதில்லை.

பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள். வழக்கமாக இதை அணைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்துக் காப்பியோடு வந்து பக்குவமாகத் தோளைத் தொட்டு எழுப்புவாள். இப்போது அணைக்காமல் போனால் இவன் எழுவானா? மினிபஸ் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். பூக்காரிகள் நிற்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நிற்பார்கள். அணைத்துவிட்டு எழுப்பிக்கொண்டு நின்றால் விசில் போய்விடும்.

போனைக் கையில் எடுத்தாள்.

அணைக்கவில்லை. அவன் காதோரம் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி நடந்தாள். தெருமுனை வரைக்கும் சாமி பாட்டு அவள் கூடவே வந்தது.

பேச்சி விசிலை வாயில் வைத்திருந்தபோது செண்பகவல்லியின் கால் கோட்டைத் தாண்டியது. பேச்சி அவளைப் பார்க்கவில்லை. விசிலை அடித்தாள்.

ஒன்பது பேரும் மலை ரோட்டில் நடந்தார்கள். பேச்சி கடைசியாக வந்தாள். செண்பகவல்லி அவளுக்கு ஓரெட்டு முன்னால். கால் மரக்கவில்லை. மனசுதான் பின்னாலேயே கிடந்தது.

மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு பாலம் வரும். மினிபஸ் அதை ஐந்து நாற்பதுக்குக் கடக்கும். அவர்கள் பாலத்துக்கு வந்தபோது மணி ஐந்து நாற்பத்திரண்டு. பாலத்து நிறுத்தத்தில் பூக்கூடையோடு நின்ற மாரித்தாய் கூப்பிட்டாள்.

“ஏ செண்பகம், உன் வீட்டுக்காரர் வண்டி இன்னும் வரலையே? மேலுக்குச் சுகமில்லையா?”

செண்பகவல்லியின் நடை தளர்ந்தது. திரும்பிப் பார்த்தாள். ரோடு வெறிச்சென்று கிடந்தது. ஐந்து நாற்பத்தைந்து. மற்ற எட்டுப் பேரும் வளைவில் மறைந்துவிட்டார்கள்.

“மாஸ்டர், அவுக எந்திரிக்கல. எனக்குத் தெரியும். வேலையே போயிரும். நான் ஓடிப்போய் எழுப்பி விட்டுட்டு...”

பேச்சி நின்றாள். செருப்பைக் கழற்றினாள். ரோட்டோரத்து மண்ணில், செண்பகவல்லியின் ஷூவுக்கு முன்னால், கால் கட்டைவிரலால் ஒரு கோடு கிழித்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

“மாஸ்டர், புள்ளைக்கும் ஆறு மணிக்குப் பரீட்சை. டியூசன்ல.”

பேச்சி கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

“அவுக என்னைய என்ன சொல்லுவாக?”

அவளுக்குப் பேச்சியின்மேல் கோபம் கோபமாக வந்தது. கல்யாணமாகாத பெண்ணுக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தாள். பாலத்துக்குக் கீழே தண்ணீர் சலசலவென்று ஓடியது. மாரித்தாய் கூடையைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

செண்பகவல்லி மறுபடி ஒருமுறை பின்னால் பார்த்தாள். வண்டி வரவில்லை.

கோட்டைத் தாண்டினாள்.

நூறடி போயிருப்பார்கள். பின்னால் ஹாரன் கேட்டது. மினிபஸ் பாலத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு உறுமிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றது. கோமதிநாயகம் தலையை வெளியே நீட்டினான். தலை சீவவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

“ஏட்டி! அலாரம் அடிச்சது உனக்குக் கேக்கலையா?”

“கேட்டுச்சு.”

“கேட்டுச்சா? அப்புறம்?”

“உங்களுக்குல்லா வச்சிருந்தீக.”

பஸ்ஸுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோமதிநாயகம் மாறிப்போன பொத்தானைத் தடவினான்.

“புள்ள எந்திரிச்சானா?” என்று அவள் கேட்டாள்.

“அவன்தான் என்னைய எழுப்புனான்,” என்று முணுமுணுத்தான்.

“ஏ டிரைவரு, குடும்பச் சண்டைய சாயங்காலம் வச்சுக்கப்பா, வண்டிய எடு,” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. வண்டி புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று.

செண்பகவல்லி அது வளைவில் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பயம் மறுபடி தலை தூக்கியது.

“மாஸ்டர், இன்னிக்கு எந்திரிச்சுட்டாக. நாளைக்கு எந்திரிக்கலேன்னா?”

பேச்சி மணியைப் பார்த்தாள்.

“இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர் இருக்குக்கா. கையை வீசி நடங்க.”