தாளில் செத்த பசு

இதை ஆறிய மனதோடு சொல்ல எனக்கு வராது. நடந்து மூன்று நாளாகியும் கோபம் அடங்கவில்லை. ஆனால் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வாரம் ஒருமுறை ஆசிரியர் பாடம் நடத்த மாட்டார். நோய்ப்பட்ட ஒரு மாட்டின் கதை தாள் தாளாக வரும். நாங்களே பேசி, கேள்வி கேட்டு, வைத்தியம் சொல்ல வேண்டும். குழுவுக்கு மூன்று பேர்: ஒருவர் தாளை வாய்விட்டுப் படிப்பார், ஒருவர் பலகையில் எழுதுவார், ஒருவர் தலைவர். தலைவர் ‘முடிவு’ என்று சொன்னதும் அடுத்த தாள் வரும். அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது.

அன்று படித்தவன் ரெக்ஸ்லின். எழுதியவள் நஸ்ரின். தலைவர், மாதங்கி என்கிற நான். செங்குட்டுவன் சார் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

ரெக்ஸ்லின் கடகடவென்று சொன்னான்: கன்று போட்டு இரண்டு நாளான பசு. எழுந்திருக்க முடியவில்லை. காது சில்லென்று இருக்கிறது. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக் கிடக்கிறது. அவ்வளவுதான் என்று தாளை மேசையில் என் பக்கமாகக் கவிழ்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டான்.

பால் காய்ச்சல் என்று மூவருமே சொன்னோம். கன்று போட்ட பசுவுக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் வருவது. நரம்பில் ஒரு பாட்டில் கால்சியம் ஏற்றினால் மாடு எழுந்துவிடும். அளவு மீறினால் இதயம் நின்றுவிடும்.

“நமக்கு முன்னாடி யாராவது வைத்தியம் பாத்தாங்களா?” என்று கேட்டேன்.

ரெக்ஸ்லின் போனிலிருந்து நிமிரவில்லை. நஸ்ரின் பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்: “இருந்தா படிச்சிருப்பான்ல? டைம் போகுதுடி.”

நான் ‘முடிவு’ என்றேன்.

இரண்டாம் தாளில் இரண்டே வரி. “நீங்கள் கால்சியம் ஏற்றினீர்கள். பாட்டில் பாதி இறங்கும்போதே பசு செத்துவிட்டது.”

முதல் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். கடைசி வரி: “ஒரு மணி நேரத்துக்கு முன்பு பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஒரு பாட்டில் கால்சியம் ஏற்றிவிட்டுப் போனார்.”

“சீனியர் நோட்ல இந்த வரி இல்லடி” என்று திருதிருவென முழித்தான் ரெக்ஸ்லின். பாவி, அவன் தாளைப் படிக்கவே இல்லை! வாட்ஸ்அப்பில் வந்த போன வருடக் கதையை ஒப்பித்திருக்கிறான். சார் இந்த வருடம் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

“அவன் விட்டுட்டான்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?” என்று மூலைப் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

“தெரியும்மா.”

“அப்புறம் ஏன் சார் சொல்லல?”

“நான் பேசக் கூடாதுங்கறதுதான் விதி.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதோடு விட்டாரா? “மாட்டைக் கொன்னது யாருன்னு மூணு நாளைக்குள்ள தலைவரே ஒரு பேரை எழுதிக் குடுங்க. உங்க மூணு பேர்ல ஒருத்தரோ, நானோ. மாணவர்னா இந்த வகுப்பை அடுத்த வருஷம் திரும்பப் படிக்கணும். என் பேர்னா முதல்வர்கிட்ட நானே கொண்டு போய்க் குடுக்கறேன்” என்றார்.

படிக்காமல் ஒப்பித்தவனா? அவசரப்படுத்தியவளா? தெரிந்தும் வாய் திறக்காதவரா? ‘முடிவு’ சொன்ன நானா? சொல்லுங்கள், அந்தப் பசுவைக் கொன்றது யார்?

விடை: மூன்று நாளும் ரெக்ஸ்லின் பெயரைத்தான் மனதில் எழுதி எழுதிப் பார்த்தேன். சாரை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த அறையில் சரியான சந்தேகம் எனக்குத்தான் வந்தது. அதற்குப் பதில் சொன்னவள் கையில் தாளே இல்லை. தாள் என் முழங்கைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. திருப்பிப் பார்க்காமல் ‘முடிவு’ என்றது நான்தான். என் பெயரை எழுதினேன். ஆத்திரத்தில் அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. வேறொரு தாள் வாங்கி, அதே பெயரை மறுபடியும் எழுதிக் கொடுத்தேன்.