மூன்றாம் கட்டத்தைத் தாண்டாத குரங்கு

சருகுமலைக் காட்டில் மிருகங்களுக்கெல்லாம் வீடியோ கேம் பைத்தியம் பிடித்திருந்தது. புது ஆட்டம் எது வந்தாலும் முதலில் கொப்புத்தாவி என்ற குரங்கின் கைக்குத்தான் போகும். அது குளத்தங்கரைப் பாறையில் உட்கார்ந்து நிறைகுறை சொல்லும். அது எத்தனை பழம் கொடுக்கிறது என்று பார்த்துத்தான் மற்றவை திரையைத் தொடும்.

“பன்றிப் பந்தயமா? ஓட்டம் ஜோர்! ஆனால் வளைவுக்கு வளைவு பன்றி மரத்துக்குள்ளே புகுந்து மறுபக்கம் வருகிறது. ஐந்துக்கு மூன்று பழம்! தேன்கூடு கட்டுகிற ஆட்டமா? மூளைக்கு நல்ல தீனி. ஆனால் ஒரு கூடு கட்டுவதற்குள் ஒன்பது விளம்பரம்! ஒரே பழம், அதுவும் அழுகினது!”

காடே கைதட்டும். கொப்புத்தாவியின் ரகசியம் மட்டும் யாருக்கும் தெரியாது. எந்த ஆட்டத்திலும் அது மூன்றாம் கட்டத்தைத் தாண்டியதே இல்லை. அதற்குள் தூக்கம் வந்துவிடும்!

ஒருநாள் உச்சிவெயிலில் பாறைமேல் ஒரு புதுத் திரை கிடந்தது. யார் கொண்டுவந்து போட்டது என்று தெரியவில்லை. செய்தவர் பெயரும் அதில் இல்லை.

தொட்டதும் ஒரு காடு விரிந்தது. இதே குளம். இதே சாய்ந்த மருத மரம். கரையில் காது மடிந்த ஒரு முயல் வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. போன வாரம் காணாமல் போன முயலுக்கும் இப்படித்தான் ஒரு காது மடிந்திருக்கும்.

கொப்புத்தாவிக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. பின்னால் சருகு நொறுங்கியது. திரும்பினால், யாருமில்லை.

“அடேயப்பா, பயமுறுத்தத் தெரிந்தவன் செய்த ஆட்டம்!” என்று மெச்சிக்கொண்டு, வழக்கம்போல மூன்றாம் கட்டத்தோடு படுத்துவிட்டது.

சாயங்காலம் தீர்ப்புச் சொன்னது. “படம் அற்புதம்! இலை அசைந்தால் காற்று முகத்தில் அடிக்கிறது! குறை என்றால், முயலுக்குக் குரல் வைக்க மறந்துவிட்டார்கள். ஐந்துக்கு நாலரைப் பழம்!”

“கடைசிவரை ஆடினீரா, குரங்கண்ணே?” என்று கேட்டது ஓட்டப்பன் என்ற ஆமை.

“ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதமடா!”

“சோறு சரி. பானையின் அடியில் பாம்பு கிடந்தால்?”

எல்லாம் சிரித்தன. மூக்காயி என்ற அணில் மட்டும் சிரிக்கவில்லை. “எனக்குப் பால்குடிக் குட்டி மூன்று இருக்கிறது, அண்ணே. முடிவு பயங்கரமாக இருக்குமோ?”

“தைரியமாக ஆடு, தாயி! முடிவில் பூமழை பெய்யும்!” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னது குரங்கு.

மறுநாள் உச்சிவேளை. பொந்தில் குட்டிகள் பசியில் கீச்சிட்டன. மூக்காயியைக் காணோம். பாறைமேல் திரை மட்டும் ஒளிர்ந்தது. அதற்குள், முயலுக்குப் பக்கத்தில், ஓர் அணில்! அதன் வாய் ‘குட்டி, குட்டி’ என்று சத்தமில்லாமல் அசைந்தது.

கொப்புத்தாவி பாய்ந்து திரையை எடுத்தது. “என் வாயல்லவா இவளைத் தள்ளிவிட்டது!” பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அது நான்காம் கட்டத்துக்குள் போனது. ஐந்து. ஆறு. போகப் போகக் காட்டுப் பறவைகளின் சத்தம் தேய்ந்தது. கடைசிக் கட்டத்தில் பூமழை இல்லை. குளம்தான் இருந்தது. அதன் தண்ணீர் எழுந்து வந்து குரங்கின் காலைப் பற்றி இழுத்தது.

உள்ளே விழும்போதே கொப்புத்தாவி அணிலின் வாலைப் பிடித்து மேலே வீசியது. மூக்காயி பாறைமேல் வந்து விழுந்தது. குரங்கு உள்ளேயே தங்கிவிட்டது.

குட்டிகளுக்குப் பால் கொடுத்த கையோடு அணில் ஓடிவந்து கத்தியது. “அந்த ஆட்டத்தைத் தொடாதீர்கள்! கடைசியில் என்ன நடக்கும் தெரியுமா? அந்தக் குளம்...”

“ஐயையோ, முடிவைச் சொல்லாதே!” என்று நரி காதைப் பொத்திக்கொண்டது. “நீ ஆடி முடித்துவிட்டாய் என்றால் எங்கள் ஆட்டத்தையும் கெடுக்க வேண்டுமா?”

ஓட்டப்பன் மட்டும் அந்தக் குளத்தைவிட்டே போய்விட்டது.

காலியான பாறையில் ஒரு கிளி வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொப்புத்தாவி நெஞ்சில் அறைந்து, “வேண்டாம்! வேண்டாம்!” என்று அலறியது. சத்தம் வெளியே வரவில்லை.

கிளி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. “புதிதாக ஒரு குரங்கைச் சேர்த்திருக்கிறார்கள்! அடடா, உயிருள்ளது போலவே துடிக்கிறது! ஐந்துக்கு ஐந்து பழம்! யார் முதலில் ஆடுகிறீர்கள்?”

முழுதும் அறியாத ஒன்றைப் பிறருக்கு நல்லதென்று சொல்பவன், பின்னால் உண்மையைச் சொல்லத் துடித்தாலும் அவன் குரல் எவர் காதிலும் ஏறாது.