மாடத்தி கொடுத்த கரண்ட்

வேப்பங்காட்டில் மாவு மில் வைத்திருந்த மாடத்தி, கடன் வாங்கி மில் கூரைமேல் சோலார் தகடு போட்டாள். மில் ஓட்டியது போக மிச்சக் கரண்டை அரசாங்கம் விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்று திட்டம். வெயில் காய்ந்தது, மிச்சக் கரண்ட் அரசாங்கக் கம்பிக்குப் போனது, காசு மட்டும் வரவில்லை. பேங்க்காரர்கள் தகட்டைக் கழற்றிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

மின்சார ஆபீசில் குறை கேட்கும் நாளன்று போய் நின்றாள். மேலதிகாரியம்மாவும் வந்திருந்தார். இன்ஜினியர் சந்தானராஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எங்க கம்பியில ஊர்க் கரண்டெல்லாம் ஓடுது. அதுல எது உன் கரண்டுன்னு பிரிச்சுக் காட்டு, பணம் தர்றேன்."

கூட்டம் சிரித்தது. மாடத்திக்கு முகம் சுட்டது. ஆனாலும் கும்பிட்டாள்.

"நியாயம்தான் சார். மழைக்காலத்துல உங்க கரண்ட்லதான் மில் ஓட்டினேன். எவ்வளவு எடுத்தேன்னு எப்படி சார் தெரிஞ்சுது?"

"மீட்டர் காட்டுச்சு."

"அது தப்பா காட்டாதா சார்?"

"நாங்க சீல் வச்ச மீட்டரும்மா! அது சொன்னா சொன்னதுதான்."

"அதே மீட்டர்தான் சார் நான் கொடுத்ததையும் காட்டுது. அது செல்லாதுன்னா, நான் எடுத்ததுல எது உங்க கரண்டுன்னு நீங்களும் பிரிச்சுக் காட்டுங்க. அதுவரைக்கும் நான் கட்டின பில்லைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

கூட்டம் மறுபடி சிரித்தது, இந்தத் தடவை இன்ஜினியரைப் பார்த்து. மேலதிகாரி சிரிக்கவில்லை.

"சந்தானராஜ், இன்னும் யார் யாரைப் பிரிச்சுக் காட்டச் சொன்னீங்க?"

அவர் வாய் திறக்குமுன் கூட்டத்தில் கைகள் உயர்ந்தன. அந்த வாரமே அத்தனை பேருக்கும் பணம் வந்து சேர்ந்தது.