தள்ளைப்புற்று

காட்டாற்றின் மேட்டுக்கரையில் ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று இருந்தது. காட்டில் எல்லோரும் அதைத் தள்ளைப்புற்று என்று அழைத்தார்கள். அந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய புற்று கிடையாது.

வாசலில் காவல் இருந்த கூர்வாயன் என்ற கறையானுக்கு அந்தப் பெயரில் ஏகப் பெருமை. மற்ற புற்றுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டதால்தான் இது தள்ளைப்புற்று என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவான். அவனை மறுத்துப் பேச அங்கே ஆளில்லை.

ஐப்பசி மழையில் ஆறு கரைபுரண்டது. பள்ளத்தில் இருந்த ஒரு சின்னப் புற்று கரையத் தொடங்கியது. அதிலிருந்த கறையான்கள் ஆளுக்கொரு முட்டையைக் கவ்விக்கொண்டு மேடேறி வந்தார்கள். முன்னால் வந்தவள் மண்ணழகி. முட்டையை ஓர் இலைமேல் இறக்கி வைத்துவிட்டு அவள் கூர்வாயனிடம் கெஞ்சினாள். தங்களுக்கு இடம் வேண்டாம், முட்டைகளை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டால் போதும் என்றாள்.

"இது தள்ளைப்புற்று. பள்ளத்துக் கறையான்களுக்கெல்லாம் இங்கே சத்திரம் கட்டி வைக்கவில்லை. தள்ளி நில்லுங்கள்" என்றான் கூர்வாயன்.

தள்ளி நின்றார்கள். மழை வலுத்தது. மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் பாதி முட்டைகளை அடித்துக்கொண்டு போயிற்று. மண்ணழகி இலைமேல் வைத்திருந்ததும் போனது. அவள் அழவில்லை. வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்கள் பக்கம் தள்ளை என்றால் தாய். எங்கள் ராணி இந்தப் புற்றிலிருந்து ஈசலாகப் பறந்து வந்தவள். தாய்வீட்டுக்குப் போகிறோம் என்றுதானே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தோம்?"

கூர்வாயனால் நம்ப முடியவில்லை. உள்ளே ஓடித் தன் ராணியிடம் கேட்டான்.

"உண்மைதான்" என்றாள் ராணி. "முதலில் இதற்குப் பெயரே இல்லை. பறந்துபோன என் மகள்கள் ஆளுக்கொரு திசையில் புற்று கட்டினார்கள். இதைத் தள்ளை என்று முதலில் சொன்னது அவர்கள்தான். ஏன் கேட்கிறாய்?"

கூர்வாயன் திரும்பி வந்து வாசலைத் திறந்தான். மிஞ்சிய முட்டைகள் உள்ளே போகும்வரை மழையிலேயே நின்றான். மண்ணழகி கடைசியாக, வெறும் வாயோடு அவனைக் கடந்துபோனாள். ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவனுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவள் ஏசவில்லை. வெள்ளம் வடிந்த பின்னும், அவள் எதிரே வந்தால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மனிதர்கள் பெருநகரத்தை மெட்ரோபாலிஸ் என்கிறார்களே, கிரேக்க மொழியில் அதற்கும் தாய்நகரம் என்றுதான் பொருள்.

தாய் என்று பெயர் வாங்கியவர் வாசலுக்கு வந்த பிள்ளையை விரட்டினால், பிறகு கதவைத் திறந்தாலும் வெட்கம் வெளியே போகாது.