பொன்வண்டுத் தலைப்பாகை

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை வீரகண்டராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் கொஞ்சம் கிறுக்கு. சபை கூடிவிட்டால் கலையும்வரை ஏவலாட்களைத் தவிர யாரும் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தான். அவனும் சிம்மாசனத்தை விட்டு எழுந்திருக்க மாட்டான். கால் மரத்துப்போனாலும் கௌரவமாக மரத்துப்போக வேண்டும்.

வசந்த விழாவுக்காக அரண்மனைத் தையல்காரி வடிவாள் ராஜாவுக்கு ஒரு தலைப்பாகை தைத்தாள். மரத்தடியில் செத்து உதிர்ந்த பொன்வண்டுகளின் சிறகுகளைப் பொறுக்கி வந்து, பட்டுத் துணியில் நெருக்கமாக வைத்துத் தைத்திருந்தாள். ராஜா கையில் வாங்கிப் பார்த்தான். நல்ல கிளிப்பச்சை. பூரித்துப்போய்த் தலையில் வைத்துக்கொண்டான்.

வந்தது வம்பு. வலப்பக்கம் நின்ற புலவர் நீலத் தலைப்பாகை என்று பாட ஆரம்பித்தார். இடப்பக்கம் நின்ற தளபதி, நீலமாவது, அது செம்பு நிறம் என்றார். ராஜா கழற்றிப் பார்த்தால் பச்சை. யாராவது நாலடி நகர்ந்து பார்த்திருந்தால் தகராறு அங்கேயே தீர்ந்திருக்கும். சட்டம் விடவில்லையே.

பொக்கிஷக்காரர் கோதண்டத்துக்கு இது போதாதா? வடிவாளை அரண்மனையில் சேர்த்தவர் மந்திரி அம்பலவாணர். மந்திரி என்றாலே கோதண்டத்துக்கு வயிற்றெரிச்சல். அவள் மாட்டினால் மந்திரியின் மானமும் போகும் என்று கணக்குப் போட்டார்.

"மகாராஜா, இது மட்டமான சாயம் பூசிய மோசடி. மஞ்சளை அரைத்தாலும் மஞ்சள்தான். அசல் நிறம் அரைத்தால் போகாது. ஒரு சிறகை அரைத்துப் பார்க்கலாம்."

தலைப்பாகையின் நெற்றிப்பக்கத்திலிருந்து ஒரு சிறகைப் பிய்த்துக் கல்வத்தில் இட்டு அரைத்தார்கள். கருகிப்போன பழுப்பில் ஒரு பொடி வந்தது. பச்சை மருந்துக்கும் இல்லை. ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏமாற்றிய விரல்களை வெட்டச் சொன்னான்.

வடிவாள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "சாயம்னு ஒண்ணு நான் தொடவே இல்லை, மகாராஜா. விரல் போயிட்டா நான் எதை வச்சுப் பிழைப்பேன்?"

மந்திரி அம்பலவாணர் அவளுக்காகப் பரிந்து பேசவில்லை. பொக்கிஷக்காரரைப் பாராட்டினார்! இத்தனை அருமையான சோதனையை அரண்மனைப் பொக்கிஷத்திலும் செய்துவிடலாமே, ராஜாவின் தகப்பனார் வைத்திருந்த மயில்விசிறியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். கோதண்டமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொண்டுவரச் சொன்னார். அது அசல் என்று அவருக்குத் தெரியாதா?

இறகின் கண்ணை நறுக்கி அரைத்தார்கள். அதே கருகல் பழுப்பு.

"பொக்கிஷத்துச் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார் மந்திரி.

சபை முழுக்கக் கோதண்டத்தின் இடுப்பைப் பார்த்தது. ராஜா அவருடைய மோதிரம் போட்ட விரல்களைப் பார்த்தான். கோதண்டம் விரல்களை மடக்கிக்கொண்டு கத்தினார்.

"மகாராஜா, விசிறி அசல்தான்! அந்த நிறம் சாயத்தில் வருவதில்லை. இறகு முழுசாக இருந்து, மேலே வெளிச்சம் பட்டால்தான் நிறமே. சாய்த்துப் பிடித்தால் பச்சை நீலமாகும். அரைத்துவிட்டால் வெளிச்சம் எதில் பட்டு நிறம் காட்டும்?"

"இதைத்தான் வடிவாளுக்காக நான் சொல்ல இருந்தேன். நீரே சொல்லிவிட்டீர், என்னைவிடத் தெளிவாக" என்றார் அம்பலவாணர்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தான். தலைப்பாகையைச் சாளரத்தடியில் வைக்கச் சொல்லி அதைச் சுற்றி நடந்தான். பச்சை நீலமானது, நீலம் செம்பானது. குழந்தை மாதிரி சிரித்தான். சுருட்டிய முந்தானையோடு வடிவாள் இன்னும் நிற்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றுபோனது. தப்பு என்னுடையது என்று சபையறியச் சொன்னான்.

வடிவாள் உடைச்சாலைக்குத் தலைவியானாள். அசையாச் சட்டம் அன்றோடு ஒழிந்தது. கோதண்டத்துக்கும் புதுவேலை கிடைத்தது. சபை கூடும்போதெல்லாம் அவர் தலைப்பாகையை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், "ஐயா, உங்களுக்கு என்ன நிறம்?" என்று பணிவாகக் கேட்க வேண்டும்.

பிய்த்த இடத்தில் தைக்க வடிவாள் வேறொரு சிறகு கொண்டுவந்தாள். ராஜா வேண்டாம் என்றுவிட்டான். அதற்குப் பிறகு யாருக்காவது தண்டனை சொல்ல வாயெடுத்தால், அவன் கை தானாக நெற்றிக்குப் போய் அந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்க்கும்.